மர்மக் குறும்படத்துக்குக் காட்சி அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மர்மப் படம் என்றதும் இருட்டு, மழை, கறுப்புக் கையுறை, படிக்கட்டில் ஏறும் காலடி என்று ஒரு வரிசை மனத்தில் வந்து நிற்கிறது. இவை அத்தனையும் வைத்து எடுத்த குறும்படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் இருட்டு இருந்தது, மர்மம் இல்லை. எடுத்தவர்கள் எல்லாவற்றையும் காட்டாமல் மறைத்ததுதான் காரணம். காட்டாமல் மறைப்பதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. கண்ணெதிரே வைத்துக்கொண்டே மறைக்க வேண்டும். படம் முடிந்ததும் "இது முதலிலேயே என் கண்ணில் பட்டதே, எப்படிக் கோட்டைவிட்டேன்?" என்று பார்வையாளர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். "இதை ஏன் எனக்குக் காட்டவில்லை?" என்று நம்மைக் கேட்டாரானால் நாம் அவரை ஏமாற்றிவிட்டோம் என்று பொருள்.

பத்துப் பதினைந்து நிமிடப் படத்தை, ஒரே வீட்டுக்குள், நாலைந்து பேரை வைத்துக்கொண்டு, கைபேசியிலோ வாடகைக் கேமராவிலோ எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு என் முதல் குறும்படத்தையே எடுத்துக்கொள்கிறேன். கதை சின்னது. மழை பெய்யும் ஒரு மத்தியானம் அம்மாவின் அட்டிகை பீரோவிலிருந்து காணாமல் போகிறது. வீட்டில் அம்மா, இரண்டு பிள்ளைகள், மாடியில் குடியிருக்கும் ஒருவர். "மத்தியானம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தேன், வாசலையே தாண்டவில்லை" என்கிறான் மூத்தவன். அவனுடைய குடை கதவுக்குப் பின்னால் ஈரமாக நிற்கிறது. துப்பு அது ஒன்றுதான்.

முதல் படி: யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும், குற்றம் செய்தவருக்குத் தெரிந்தது ஒரு பத்தியில், தேடுகிறவருக்குத் தெரிந்தது அடுத்ததில், பார்வையாளருக்குத் தெரிந்தது மூன்றாவதில். மூன்றாவது பத்திதான் உங்கள் படம்.

பதைபதைப்புப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதை ஒரு வெடிகுண்டை வைத்து விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை முன்கூட்டியே காட்டிவிட்டுப் பேச்சைத் தொடரவிட்டால் பதினைந்து நிமிடப் பதைபதைப்பு. அந்த இருவர் பேசும் வெற்றுப் பேச்சுக்கூட அப்போது கனம் பெற்றுவிடுகிறது.

அவருடைய 1954ஆம் ஆண்டுப் படமான 'ரியர் விண்டோ'வில் இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமாகப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கால் ஒடிந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் நாயகன், எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கேமரா ஏறக்குறைய முழுப் படத்திலும் அவன் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அவன் அறிந்ததுதான் நாமும் அறிந்தது. ஆனால் ஒரு விடியற்காலையில் அவன் கண் அயர்ந்திருக்கும்போது, அவன் சந்தேகிக்கும் மனிதன் ஒரு பெண்ணோடு வீட்டை விட்டுப் போவதைக் கேமரா நமக்கு மட்டும் காட்டுகிறது. அதற்குப் பிறகு நாயகன் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும், நமக்குள் ஒரு சந்தேகம் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு ஷாட்டின் வேலை அது. உங்கள் தாளிலும் மூன்றாவது பத்தி எந்த இடத்தில் இரண்டாவதை முந்துகிறது, எங்கே பின்தங்குகிறது என்று சிவப்பு மையால் குறித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

குறும்படத்துக்கு ஒரு துப்புப் பொருள் போதும். மூன்று வைத்தால் மூன்றும் நீர்த்துப்போகும். அந்தப் பொருள் அந்த வீட்டில் இருந்தே ஆக வேண்டிய பொருளாக இருக்கட்டும்: குடை, மூக்குக்கண்ணாடி, ஸ்கூட்டர் சாவி, மாத்திரை அட்டை. வெள்ளிக் கைப்பிடி வைத்த கத்தி எந்த நடுத்தர வீட்டிலும் இருப்பதில்லை. காட்டிய உடனே அது கதைக்காக வந்தது என்று தெரிந்துவிடும்.

பொருளை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஃபிரிட்ஸ் லாங் 1931இல் ஜெர்மனியில் எடுத்த 'எம்' படத்தின் தொடக்கத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சிறுமி பந்தைத் தட்டிக்கொண்டே தெருவில் வருகிறாள். விளம்பரத் தூணில் பந்தை எறிந்து பிடிக்கிறாள். தூணில் ஒட்டியிருப்பது, குழந்தைகளைக் கொல்பவனைப் பிடித்துக் கொடுத்தால் 10,000 மார்க் பரிசு என்ற அறிவிப்பு. அந்த அறிவிப்பின் மேலேயே தொப்பி வைத்த ஒருவனின் நிழல் விழுகிறது. அவன் சிறுமியிடம் பேச்சுக் கொடுக்கிறான். பார்வையற்ற வியாபாரியிடம் அவளுக்குப் பலூன் வாங்கித் தருகிறான். வீட்டில் தாய் சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருக்கிறாள். மாடிப்படியில் எட்டிப் பார்த்து மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பிறகு வரும் படங்களைக் கவனியுங்கள்: யாரும் இல்லாத மாடிப்படி, துணி காயும் பரண், யாரும் தொடாத தட்டு, புதரிலிருந்து உருண்டு வந்து நிற்கும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கித் தவித்துப் பறந்துபோகும் பலூன். கொலையைக் காட்டவே இல்லை. பந்தும் பலூனும் நமக்கு முன்பே பழகியவை. அதனால்தான் அவை தனியாக வரும்போது நெஞ்சு பதறுகிறது.

பொருள் மூன்று முறை வர வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. முதல் முறை சும்மா இருக்க வேண்டும், இரண்டாம் முறை வேறு ஒரு வேலைக்காக யாராவது அதைத் தொட வேண்டும், மூன்றாம் முறை அது பேச வேண்டும். என் படத்தில் முதலில் நான் செய்த தவறு, குடைக்கு ஆரம்பத்திலேயே ஒரு குளோஸ்அப், அதாவது அது மட்டும் திரை நிறையத் தெரியும் ஷாட், வைத்தது. பார்த்த எல்லோரும் இரண்டாம் நிமிடத்திலேயே "குடையில் என்னவோ இருக்கிறது" என்றார்கள். குளோஸ்அப் என்பது பார்வையாளரின் தோளைத் தட்டி "இதைப் பார்" என்று சொல்வது. துப்பின் முதல் வருகைக்கு அது கூடாது.

மறுபடி எடுத்தபோது, கூடம் முழுவதும் தெரியும் வைட் ஷாட்டாக மாற்றினேன். முன்னால் அம்மா காப்பி டம்ளரோடு கூடத்தைக் கடக்கிறாள், கேமரா அவளைத் தொடர்கிறது. பின்னால், திறந்த கதவின் மறைவில் பாதி தெரிகிற குடை. சிவப்பு சிமெண்ட் தரையில் அதன் முனையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஈரம். கண் அசைகிற பொருளைத்தான் முதலில் பிடிக்கும், அதைவிட முகத்தைப் பிடிக்கும். அம்மாவின் முகமும் நடையும் இருக்கும்வரை குடை அங்கேயே பத்திரமாக ஒளிந்திருந்தது. லைட் சூட்டில் அந்த ஈரம் சில நிமிடங்களிலேயே காய்ந்து, ஒவ்வொரு டேக்குக்கும் அளவு மாறியது. தண்ணீரோடு கிளிசரின் கலந்து தெளித்த பிறகுதான் நிலைத்து நின்றது. மருந்துக் கடையில் கிடைக்கும். முகத்தில் வியர்வைத் துளி நிற்கவும் இதையேதான் பூசுகிறார்கள்.

மூன்றாம் படி: வெளிச்சம்

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மானியப் படங்களிலிருந்துதான் இந்த வகையின் நிழல்கள் புறப்பட்டன. 1920இல் வந்த 'டாக்டர் காலிகாரியின் அலமாரி' படத்தில் நிழல்களையே அரங்கச் சுவர்களில் வண்ணத்தால் தீட்டிவைத்தார்கள். பின்னர் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் போன்ற இயக்குநர்கள் ஐரோப்பாவை விட்டு ஹாலிவுட் போனார்கள். 1940களின் அமெரிக்கக் குற்றப் படங்களில் ஜன்னல் சட்டங்களின் நிழல் கோடுகோடாக முகத்தில் விழுகிறதே, அதில் அவர்களுடைய கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கோடுகளுக்காக நீங்கள் பட்டை அடுக்கிய ஜன்னல் திரை வாங்க வேண்டாம். நம் வீடுகளின் ஜன்னல் கம்பிகள் போதும். ஒரே ஒரு எல்இடி விளக்கை ஜன்னலுக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேல், கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். விளக்கு சிறியதாகவும் தொலைவிலும் இருந்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக விழும். பக்கத்தில் கொண்டுவந்தாலோ, முன்னால் வெள்ளைத் துணி கட்டினாலோ விளிம்பு கரைந்துவிடும். மர்மப் படத்துக்குக் கூர்மையே நல்லது. சுவரில் ஆளின் நிழல் பூதாகரமாக வேண்டுமானால் விளக்கைத் தரையில் வைத்து, ஆளை அதன் அருகில் நிறுத்துங்கள்; அவர் சுவரை நோக்கி நடக்க நடக்க நிழல் சுருங்கும், விளக்கை நோக்கி வர வர வளரும். நடிகரின் நடையாலேயே நிழலை வளர்க்கலாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் வெள்ளைச் சுவர். ஜன்னலிலிருந்து வரும் ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, முகத்தின் இருட்டுப் பக்கத்தை நிரப்பிவிடும். "விளக்கு ஒன்றுதானே வைத்தேன், ஏன் எல்லாம் தெரிகிறது?" என்று திகைக்க வேண்டாம். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள், முகம் உடனே பாதியாகப் பிளந்துவிடும். கொஞ்சம் தெரிய வேண்டும் என்றால் போர்வைக்கு முன் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.

கைபேசியில் எடுக்கிறவர்கள் திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பூட்டி, பிறகு கீழே இறக்குங்கள். பூட்டாவிட்டால் யாராவது கதவைத் திறந்தவுடன் காட்சி முழுவதும் வெளுத்து, பிறகு தானாக இருண்டு, உழைப்பெல்லாம் வீணாகும். இருட்டைப் படம் பிடிக்க இருட்டு உதவாது. வெளிச்சத்தில் எடுத்துத்தான் இருட்டாக்க வேண்டும். தெருக் காட்சிகளைச் சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது நிமிட நீல ஒளியில் எடுத்துவிடுங்கள்.

ஒளியாலேயே பொருளைச் சுட்டவும் முடியும். 1941இல் வந்த 'சஸ்பிஷன்' படத்தில் கணவன் மனைவிக்குப் பால் எடுத்துக்கொண்டு படியேறுகிறான். பாலில் விஷம் இருக்கிறதா என்பது கேள்வி. ஹிட்ச்காக் பால் தம்ளருக்குள்ளேயே ஒரு சிறு விளக்கை வைத்தார். சுற்றியுள்ளது எல்லாம் நிழல், தம்ளர் மட்டும் தானாக ஒளிர்கிறது. குளோஸ்அப் இல்லாமலேயே நம் கண் அதை விட்டு நகர்வதில்லை.

நான்காம் படி: நிறம்

மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் சியாமளன் 1999இல் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' எடுத்தபோது சிவப்பை மற்றக் காட்சிகளிலிருந்து ஒதுக்கிவைத்து, உயிரோடிருப்பவர் உலகமும் இறந்தவர் உலகமும் தொட்டுக்கொள்ளும் இடங்களுக்கு மட்டும் கொடுத்தார்: ஒரு கதவுக் குமிழ், ஒரு பலூன், சிறுவனின் கூடாரம். முதல் முறை பார்க்கும்போது கண்ணில் உறுத்தாது. மறுமுறை பார்த்தால் ஒவ்வொன்றும் கையைப் பிடித்து இழுக்கும்.

இதை நம் வீட்டுக்குள் அப்படியே கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குச் சிவப்பு என்றால் ஆபத்து மட்டும் இல்லை. குங்குமம், கூறைப் புடவை, செம்மண் பட்டை. அம்மாவின் நெற்றியில் இருப்பதும் சிவப்புதான். ஆகவே சிவப்பைக் காட்டினால் போதும், பயம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வேறொரு நிறத்தை எடுத்துக்கொண்டு, அது வேறெங்கும் வராதபடி வீட்டைத் துடைத்து வையுங்கள். நான் மஞ்சள் குடையை எடுத்துக்கொண்டேன். அதற்காகப் பூஜை அலமாரித் துணி, பிளாஸ்டிக் குடம், காலண்டர் அட்டை வரை மஞ்சள் எல்லாவற்றையும் ஒரு காலை முழுக்க அப்புறப்படுத்தினோம். நிறத்தைச் சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் வேலை அதிகம்.

ஐந்தாம் படி: கேமரா எங்கே நிற்கிறது, ஏன்?

சாய்ந்த கோணத்தை எல்லோரும் ஆசையோடு எடுக்கிறார்கள். அதன் உச்சம் கேரல் ரீட் 1949இல் எடுத்த 'தி தேர்ட் மேன்'. போரில் இடிந்த வியன்னா நகரம், நான்கு வல்லரசுகள் பங்குபோட்டு ஆளும் ஊர், எவரை நம்புவது என்று தெரியாத அந்நியன் ஒருவன். ஊரே சாய்ந்து கிடப்பதால் கேமராவும் சாய்கிறது. ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கருக்கு அந்தப் படம் ஆஸ்கர் வாங்கித் தந்தது. உங்கள் பாத்திரத்தின் காலடியில் தரை நழுவும் நேரம் எது என்று தெரிந்த பிறகே கேமராவைச் சாயுங்கள். குறும்படத்தில் ஒரு முறை சாய்த்தால் தாராளம்.

இன்னொன்று, ஒளிந்து பார்ப்பவரின் பார்வை. இலைகளுக்கு இடையிலிருந்தோ ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்தோ யாரோ பார்ப்பதுபோல் எடுப்பது. அங்கே உண்மையில் ஒருவர் இருந்தால் மட்டுமே இதை வையுங்கள். யாரும் இல்லாத இடத்திலிருந்து பயமுறுத்துவதற்காக மட்டும் எடுத்துவிட்டு, கடைசிவரை அதற்குப் பதில் சொல்லாமல் விடும் படங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. பார்வையாளர் நல்ல நம்பிக்கையோடு அதைக் குறித்து வைத்திருப்பார்.

முகத்தை மறைக்க வேண்டிய காட்சி வந்தால், 1960இன் 'சைக்கோ'வைப் பாருங்கள். துப்பறிபவர் படிக்கட்டில் ஏறிவருகிறார், மேலே அறைக் கதவு திறக்கிறது. வெளியே வரும் உருவத்தின் முகம் நமக்குத் தெரியக் கூடாது. முதுகுக்குப் பின்னாலேயே கேமரா நின்றிருந்தால், இயக்குநர் எதையோ ஒளிக்கிறார் என்று புரிந்துவிடும். ஹிட்ச்காக் கேமராவைக் கூரைக்கு ஏற்றி, நேர் மேலிருந்து படிக்கட்டு முழுவதையும் காட்டினார். எல்லாம் தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. அடுத்த நொடியே துப்பறிபவரின் முகம் திரை நிறைய வருகிறது. உயரத்திலிருந்து சட்டென்று நெருக்கத்துக்குத் தாவும் அந்த அதிர்ச்சியில், மேலே ஏன் போனார் என்ற கேள்வியே எழுவதில்லை. மறைப்பதற்கு வைத்த கோணம், பயத்துக்காக வைத்த கோணம்போல் தெரிகிறது. இதைத்தான் கண்ணெதிரே மறைப்பது என்கிறேன்.

நம் வீட்டில் கூரைக்கு ஏற வேண்டாம். பீரோக் கண்ணாடி இருக்கிறது. ஒருவர் பீரோவைத் திறக்கும்போது கண்ணாடியோடு அறையே சுழன்று, அதுவரை தெரியாத ஒரு மூலை கண்ணாடியில் வந்து நிற்கும். வெட்டு இல்லாமல் ஒரே ஷாட்டில் இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. கேமராவும் கண்ணாடியில் தெரிந்துவிடாமல் இருக்க, கதவு எவ்வளவு திறக்கலாம் என்று தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஃபிளாஷ்பேக் யாருடையது?

வாயால் சொன்ன பொய்யைப் பார்வையாளர் மன்னிப்பார், படமாகக் காட்டிய பொய்யை மன்னிப்பது கடினம். ஹிட்ச்காக் 1950இல் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்தின் தொடக்கத்தில் ஒரு பாத்திரம் சொல்லும் பொய்யை உண்மைபோலவே ஃபிளாஷ்பேக்காகக் காட்டினார். அதற்காக வந்த கண்டனத்தைப் பிற்பாடு அவரே நியாயம் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லுவார்கள் என்பதையே படத்தின் விதியாக வைத்துவிட்டால் அது பொய் ஆகாது. அகிரா குரோசவாவின் 'ராஷோமான்' 1950இல் அதைச் செய்தது. தமிழில் 1954இல் ஏவி.எம். தயாரிக்க, வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' செய்தது. இரண்டாம் உலகப் போரில் சென்னை மேல் ஜப்பான் குண்டு போட்ட காலம். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். நாயகனை முதல் காட்சியிலேயே சாகடித்துவிட்டு, பாட்டே இல்லாமல், ஒவ்வொருவர் சொல்வதாகவும் படம் விரிகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழலும் கோணமும் எவ்வளவு துணிச்சலாக இருக்கின்றன என்பதற்காகவே குறும்படம் எடுப்பவர்கள் அதை ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

உங்கள் படத்தில் ஃபிளாஷ்பேக் வைத்தால், சொல்பவர் இல்லாத இடத்தைக் கேமரா காட்டக் கூடாது. இந்த ஒரு விதி போதும்.

ஏழாம் படி: வெளிப்படுத்துவது

உண்மை தெரியும் இடத்தில் பழைய காட்சிகளைத் துண்டுதுண்டாக மறுபடி ஓட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்வையாளரின் நினைவை நம்பாதவர்கள் செய்யும் வேலை அது என்றே நினைக்கிறேன். அதற்குப் பதிலாக, முதலில் வைத்த அதே இடத்தில், அதே உயரத்தில், அதே கோணத்தில் கேமராவை மறுபடி வையுங்கள். ஒன்றே ஒன்று மாறியிருக்கட்டும். என் படத்தின் கடைசியில் அம்மா அதே கூடத்தைக் கடக்கிறாள். இந்த முறை கதவருகே நிற்கிறாள். குடை இல்லை. சிவப்புத் தரையில் ஈரம் காய்ந்த வெளிறிய வட்டம் மட்டும் இருக்கிறது. மூத்தவன் அறைப் பக்கம் பார்க்கிறாள். வசனம் எழுதி வைத்திருந்தோம். எடுத்துப் பார்த்தபின் வெட்டிவிட்டோம்.

எட்டாம் படி: ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள்

கதை தெரியாத ஐந்து பேர். முதலில் ஒலியோடு ஒரு முறை. எந்த நிமிடத்தில் யார்மேல் சந்தேகம் வந்தது என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும்; பேசிக்கொள்ள விடாதீர்கள். மூன்று பேருக்கு மேல் பாதிக்கு முன்பே கண்டுபிடித்தால் துப்பு கண்ணை உறுத்துகிறது, முதல் வருகையை இன்னும் தள்ளி வையுங்கள். முடிந்த பிறகும் ஒருவருக்கும் நினைவில்லை என்றால் அது மறைந்தேபோய்விட்டது, இன்னும் ஒரு விநாடி கூட்டுங்கள். பிறகு ஒலி இல்லாமல் ஒரு முறை. குற்றவாளி யார் என்று அப்போதும் புரிந்தால் காட்சிகள் தம் வேலையைச் செய்கின்றன.

இந்தச் சோதனைக்குப் பிறகு இரண்டொரு ஷாட்டையாவது திரும்ப எடுக்க வேண்டிவரும். எனக்கும் வந்தது. போய்ப் பார்த்தால் வீட்டுக்காரம்மா தரையைப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள், கேமரா ஸ்டாண்டு நின்ற இடத்தின் சுண்ணக்கட்டிக் குறி எதுவுமே இல்லை. பழைய ஷாட்டைக் கைபேசியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தரையின் விரிசலைக் கணக்காக வைத்து அதே இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. குறியைப் பெயின்டால் போட முடியாது. அடர்ந்த நிற ஒட்டு நாடாவால் ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் அடையாளம் ஒட்டி, கேமராவின் உயரத்தை நோட்டில் எழுதி, சோதனைக் காட்சி முடியும்வரை அதை எடுத்துவிட வேண்டாம் என்று வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.